வங்கிச் சுருள்களில் அரிய நாணயம் தேடுதல்: அமெரிக்காவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்காவில் வங்கிக் கிளைக்குச் சென்று சில்லறைக் காசைச் சுருளாகவோ பெட்டியாகவோ வாங்கி, வீட்டில் பிரித்துப் பார்த்து, வெள்ளி கலந்தவை, பழையவை, அச்சுப் பிழையுள்ளவை ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை முகமதிப்புக்கே வங்கியில் திருப்பிக் கட்டிவிடலாம். போட்ட முதல் கரையாத பொழுதுபோக்கு என்று சொல்லக் கேட்டுத்தான் நானும் இதில் இறங்கினேன். முதல் இரண்டு மாதங்களில் எனக்குக் கிடைத்தவை முதுகுவலி, ஒரு கிளை ஊழியர்களின் மனக்கசப்பு, என் கையாலேயே கெடுத்துக்கொண்ட ஒரு நல்ல காசு ஆகியவைதான். காசைப் பார்த்து அடையாளம் காண்பதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். வாங்குவதையும் திருப்பிக் கொடுப்பதையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளத்தான் காலம் பிடிக்கிறது. எனவே அவற்றைப் பற்றியே இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. எந்தக் காசு, எவ்வளவு பணம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு சுருளில் எத்தனை காசு இருக்க வேண்டும் என்பது நாடு முழுவதும் ஒன்றுதான். சென்ட் சுருளில் 50 காசுகள், அதாவது அரை டாலர்; நிக்கல் (5 சென்ட் காசு) சுருளில் 40, 2 டாலர்; டைம் (10 சென்ட்) சுருளில் 50, 5 டாலர்; குவார்ட்டர் (25 சென்ட்) சுருளில் 40, 10 டாலர்; ஹாஃப் டாலர் சுருளில் 20, 10 டாலர். இவற்றில் எதுவானாலும் 50 சுருள் சேர்ந்தால் ஒரு பெட்டி. ஆகவே ஒரு பெட்டிக்குச் சென்ட் என்றால் 25 டாலர், நிக்கல் 100, டைம் 250, குவார்ட்டரும் ஹாஃப் டாலரும் தலா 500 டாலர் கையில் வேண்டும்.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். நிக்கல் பெட்டி 10 கிலோ இருக்கும். குவார்ட்டர் பெட்டியும் ஹாஃப் டாலர் பெட்டியும் 11 கிலோவைத் தாண்டும். கார் இல்லாமல் பேருந்தில் வந்து போகிறவர்கள் பெட்டி கேட்கவே வேண்டாம், நான்கைந்து சுருள்கள் போதும்.

புதியவர்கள் நிக்கலில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. அனுபவமுள்ளவர்கள் ஹாஃப் டாலரைத்தான் தேடுவார்கள், அதில் வெள்ளி அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் 500 டாலர் முடங்கிவிடும். நிக்கலின் வடிவமைப்பு 1938 முதல் பெரிதாக மாறாததால் பழைய காசுகள் யார் கண்ணிலும் படாமல் இன்னும் புழங்குகின்றன. அவற்றை ஆண்டைப் பார்த்தே பிரித்துவிடலாம் என்பதால் கண்ணும் விரைவில் பழகிவிடும்.

சென்ட் தேட விரும்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் காசுகள் 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்டுவிட்டன. அதனால் உங்கள் கிளையில் சென்ட் பெட்டி வருமா என்று கேட்டுக்கொண்டு திட்டமிடுங்கள்.

2. கணக்கும் ஆவணங்களும்

கணக்கு இல்லாதவருக்குக் காசுச் சுருள் தர வங்கிகள் பெரும்பாலும் மறுத்துவிடும். எனவே குறைந்தது இரண்டு வெவ்வேறு வங்கிகளில் கணக்கு வேண்டும். ஏன் இரண்டு என்பதை ஏழாம் படியில் சொல்கிறேன். கணக்குத் தொடங்கக் கடவுச்சீட்டோ ஓட்டுநர் உரிமமோ, முகவரிச் சான்று ஒன்று, இருந்தால் சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். அந்த எண் இல்லாதவரிடம் வேறு எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

கணக்கைத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அது குறைந்தால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள்? பெட்டியாகக் காசு வரவழைக்கத் தனிக் கட்டணம் உண்டா? கிளையில் வாடிக்கையாளர் பயன்படுத்தக் காசு எண்ணும் இயந்திரம் உண்டா? வணிகக் கணக்குகளுக்குச் சுருளுக்கு இவ்வளவு என்று கட்டணம் பிடிப்பது வழக்கம், தனிநபர் கணக்குகளுக்குப் பல இடங்களில் பிடிப்பதில்லை. ஒரு சுருளுக்குப் பத்து சென்ட் பிடித்தாலும் நிக்கல் பெட்டிக்கு 5 டாலர் போய்விடும், அதை மீட்க நீங்கள் சில வெள்ளி நிக்கல்களையாவது (ஐந்தாம் படியில் வரும் போர்க்காலக் காசு) கண்டெடுக்க வேண்டும்.

3. காசாளரிடம் கேட்கும் முறை

மாதத்தின் முதல் நாள்களையும் வெள்ளிக்கிழமை மாலையையும் தவிர்த்து, கூட்டமில்லாத முற்பகலில் செல்லுங்கள். முதல் முறை பெட்டி கேட்காதீர்கள். “நிக்கல் சுருள் ஐந்து கிடைக்குமா, வாடிக்கையாளர் சுற்றிக் கொடுத்தது இருந்தால் அதுவே போதும்” என்று கேளுங்கள்.

அந்தக் கடைசிச் சொற்களுக்குக் காரணம் உண்டு. வங்கியில் இரண்டு வகைச் சுருள்கள் இருக்கும். ப்ரிங்க்ஸ், லூமிஸ் போன்ற பணப் போக்குவரத்து நிறுவனங்கள் இயந்திரத்தில் சுற்றி அனுப்புபவை ஒரு வகை. அவற்றின் இரு முனைகளும் இறுக்கமாகச் சுருட்டி மடிக்கப்பட்டிருக்கும், சில சமயம் உள்ளே முழுக்கப் புத்தம் புதுக் காசுகளே இருக்கும். மக்கள் வீட்டு உண்டியலை உடைத்துக் கையால் சுற்றிக் கொடுப்பவை இன்னொரு வகை. இறந்துபோன பெரியவரின் அலமாரியிலிருந்து வந்த காசு இருந்தால் இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கும். எனக்குக் கிடைத்த எருமை நிக்கல் (பின்பக்கத்தில் காட்டெருமை உருவம் உள்ள பழைய நிக்கல்), பழுப்பேறிய காகிதத்தில் பென்சிலால் தொகை எழுதிய ஒரு கைச்சுருளுக்குள் இருந்தது.

பெட்டி வேண்டுமானால் கிளை அதைத் தன் அடுத்த பண வரவுடன் சேர்த்து வரவழைக்க வேண்டும். வாரத்தில் எந்த நாளில் வண்டி வரும், அதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில நாள்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம். சொல்லி வைத்த பெட்டியை வந்த அன்றோ மறுநாளோ போய் எடுத்துவிட வேண்டும். இரண்டு முறை எடுக்காமல் விட்டால் மூன்றாம் முறை உங்களுக்காக யாரும் சொல்லமாட்டார்கள்.

எதற்கு இத்தனை காசு என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கடை வைத்திருப்பதாக நான் ஒருமுறை சமாளித்தேன். உடனே வணிகக் கணக்குப் படிவத்தை எடுத்து நீட்டிவிட்டார்கள்.

4. கருவிகள்: நாற்பது, ஐம்பது டாலருக்கு மேல் செலவிடாதீர்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின் தராசு ஒன்று, வெண்மையான ஒளி தரும் மேசை விளக்கு ஒன்று, ஒரு காந்தம், காசு உருண்டோடாமலிருக்க மேசையில் விரிக்க ஒரு பழைய துண்டு ஆகியவை போதும். எடுத்து வைக்கும் காசுகளுக்கு அட்டை உறைகளும் நெகிழிக் குழாய்களும் தேவை. பிவிசி கலந்த உறைகளில் வைத்தால் நாளடைவில் காசின் மேல் பச்சைப் பசை படியும் என்பதால் பிவிசி இல்லாதவை என்று பார்த்து வாங்குங்கள். காலிச் சுருள் காகிதங்களைப் பல கிளைகள் இலவசமாகத் தருகின்றன.

5. தேடுதல்

சுருளைப் பிரித்ததும் முதலில் எண்ணிப் பாருங்கள். கைச்சுருளில் ஒன்றிரண்டு குறைவதும், கனடாக் காசோ விளையாட்டு வில்லையோ கலந்திருப்பதும் சாதாரணம். கிளையை விட்டு வெளியே வந்த பிறகு அந்தக் குறைவுக்கு யாரும் ஈடு தரமாட்டார்கள். அது இந்தப் பொழுதுபோக்கின் செலவு.

டைம், குவார்ட்டர் ஆகியவற்றில் வெள்ளியைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டியதில்லை. காசுகளை விரல்களுக்கிடையே அடுக்காகப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். 1965 முதல் அடித்தவற்றின் விளிம்பில் செம்பு நிறக் கோடு ஓடும். 1964 வரை அடித்த 90 சதவீத வெள்ளிக் காசின் விளிம்பு முழுக்க வெள்ளையாக இருக்கும். ஐம்பது பழுப்புக் கோடுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு வந்தால் கண் தானாகவே அங்கே நின்றுவிடும். சந்தேகம் வந்தால் எடை போடுங்கள்: வெள்ளிக் குவார்ட்டர் 6.25 கிராம், மற்றது 5.67, வெள்ளி டைம் 2.5 கிராம், மற்றது 2.27. தேய்ந்த காசு சற்றுக் குறைவாகக் காட்டும்.

ஹாஃப் டாலரில் மட்டும் விளிம்பை நம்பிவிடாதீர்கள். 1964 வரை 90 சதவீத வெள்ளி. 1965 முதல் 1970 வரை 40 சதவீத வெள்ளி. 1971 முதல் புழக்கத்துக்கு அடித்தவற்றில் வெள்ளி இல்லை. இடைப்பட்ட 40 சதவீதக் காசின் விளிம்பில் மங்கலான சாம்பல் நிறமோ லேசான செம்மையோ தெரியும் என்பதால் அவசரத்தில் கைநழுவிவிடும். ஆயிரம் காசானாலும் ஆண்டைப் படித்தே தள்ளுங்கள். 1987-லும், 2002 முதல் 2020 வரையிலும் ஹாஃப் டாலர் புழக்கத்துக்கு விடப்படவில்லை. சேகரிப்போருக்காக மட்டுமே அடித்தார்கள். அந்த ஆண்டுக் காசு சுருளில் வந்தால் யாரோ தொகுப்பைப் பிரித்துச் செலவழித்திருக்கிறார்கள் என்று பொருள். விலை பெரிதாக இராது, ஆனால் எடுத்து வைக்கலாம். 1776-1976 என்று இரட்டை ஆண்டு போட்ட ஹாஃப் டாலரும் குவார்ட்டரும் புதியவர்களை மயக்கும். அவை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிக்கலில் முதலில் தேட வேண்டியது போர்க்காலக் காசு. 1942-இன் பிற்பகுதி முதல் 1945 வரை நிக்கல் உலோகத்தைப் போர்த் தேவைக்கு ஒதுக்கிவிட்டு, 35 சதவீத வெள்ளி கலந்து அடித்தார்கள். பின்பக்கத்தில் மாண்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே, அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் பெரிய எழுத்தாகப் பி, டி அல்லது எஸ் இருந்தால் அதுதான். பலமுறை பார்த்த பிறகு எழுத்தைத் தேடவே வேண்டாம், எண்ணெய் படிந்தது போன்ற அதன் கருமையே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு முதல் ஆறு பெட்டிகளில் ஐந்து கிடைத்தன, அதில் மூன்று ஒரே பெட்டியில். 1938, 1939 ஆண்டுகளின் டி, எஸ் எழுத்துக் காசுகளையும், 26,30,030 மட்டுமே அடிக்கப்பட்ட 1950 டி எழுத்துக் காசையும் கவனியுங்கள். 2009-ஆம் ஆண்டு நிக்கலும் மிகக் குறைவாக அடிக்கப்பட்டது. நல்ல நிலையில் இருந்தால் எடுத்து வையுங்கள். 1913 முதல் 1938 வரையிலான எருமை நிக்கலில் ஆண்டு மேடாக அமைந்திருந்ததால் பெரும்பாலும் தேய்ந்து மறைந்திருக்கும். ஆண்டு தெரியாவிட்டாலும் அது 5 சென்ட் முகமதிப்பைவிட மேலானதுதான்.

குவார்ட்டரில் 2019, 2020 ஆண்டுகளில் டபிள்யூ எழுத்து உள்ளதைத் தேடுங்கள். வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலை ஒவ்வொரு வடிவத்திலும் 20 லட்சம் காசுகளை அடித்து, வேண்டுமென்றே புழக்கத்தில் கலந்துவிட்டது. எழுத்து, தலையின் வலப்புறம் கூந்தல் நாடாவை ஒட்டிச் சிறிதாக இருக்கும். 2004 டி எழுத்து விஸ்கான்சின் குவார்ட்டரில் சோளக்கதிரின் இடப்பக்கம் ஓர் இலை கூடுதலாக இருந்தால் அதுவும் விலைபோகும். டைமில் 1982 என்று போட்டு எழுத்தே இல்லாத காசு அரியது. ஆனால் 1979 வரை ஃபிலடெல்ஃபியா டைம்களில் எழுத்து கிடையாது, 1965 முதல் 1967 வரை எந்த நாணயச்சாலையின் எழுத்தும் கிடையாது என்பதை மறந்து, எழுத்தில்லாத காசையெல்லாம் சேர்த்து வைக்காதீர்கள். நான் ஒரு புட்டி நிறையச் சேர்த்தேன்.

சென்ட் பொறுமைசாலிகளுக்கானது. 1958 வரையிலான கோதுமைக்கதிர்ச் சென்ட்டைப் பின்பக்கம் பார்த்தே எடுத்துவிடலாம். 1982-க்கு முந்தையவை 95 சதவீதச் செம்பு, 3.11 கிராம்; அதற்குப் பிந்தையவை செம்பு பூசிய துத்தநாகம், 2.5 கிராம், 1982-இல் மட்டும் இரண்டும் உண்டு, தராசுதான் சொல்லும். 1943 ஆண்டுச் சென்ட் எஃகால் ஆனது. செம்பு நிறத்தில் 1943 கிடைத்துவிட்டால் கூத்தாடும் முன் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் எஃகின் மேல் செம்பு பூசியது. ஒட்டாவிட்டாலும் ஆண்டின் கடைசி எண்ணை லென்ஸில் பாருங்கள், 1948-இல் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியவையும் உலவுகின்றன. லென்ஸில் பார்க்க வேண்டியவை 1972, 1995 ஆண்டுகளின் முன்பக்க இரட்டை அச்சு (எழுத்து இருமுறை பதிந்தது போலத் தெரிவது), 1983-இன் பின்பக்க இரட்டை அச்சு, 1984-இல் லிங்கன் உருவத்தின் இரட்டைக் காது. 1998, 1999, 2000 ஆண்டுகளின் பின்பக்கத்தில் ‘அமெரிக்கா’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளும் ஒன்றையொன்று தொடாமல் தெளிவான இடைவெளியுடன் இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

இரட்டை அச்சில்தான் ஏமாற்றம் அதிகம். உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது வரி முதல் வரியைப் போலவே புடைத்து, எழுத்தின் முனையில் பிளவு தெரியும். அடிக்கும்போது அச்சு நழுவியதால் வரும் இரட்டிப்பு, எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக நசுக்கிப் படிபோலக் காட்டும். அதற்கு விலை இல்லை. காணொளிகளில் லட்சம் டாலர் என்று காட்டப்படும் பிழைகளில் பல, சுத்தியலாலும் துணி உலர்த்தும் இயந்திரத்தாலும் வந்த சேதங்கள்.

6. கண்டெடுத்த காசைக் கழுவாதீர்கள்

எனக்குக் கிடைத்த முதல் நல்ல காசு 1914-ஆம் ஆண்டின் கோதுமைக்கதிர்ச் சென்ட், எஸ் எழுத்துடன். கறுத்துப் போயிருந்ததால், நம் வீட்டுச் செம்புக் குடத்தைத் துலக்குகிற நினைப்பில் புளியைத் தொட்டுத் தேய்த்தேன். ஒரு நிமிடத்தில் பளபளவென்று இளஞ்சிவப்பாகிவிட்டது. நாணயக் கடைக்காரர் லென்ஸில் பார்த்துவிட்டு, கழுவிய காசு என்று ஒரே சொல்லில் முடித்து, அதன் வழக்கமான விலையில் சிறு பங்கையே சொன்னார். புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை, வெள்ளித் துடைப்பான் எதுவும் ஆகாது. காசின் மேல் படிந்த நிறம்தான் அதன் வயதுக்குச் சான்று. எப்போதும் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள், அப்படியே உறையில் வையுங்கள், எந்த நாளில் எந்தக் கிளைச் சுருளில் கிடைத்தது என்று உறையின் மேல் எழுதுங்கள். கழுவ வேண்டியவை உங்கள் கைகள். ஒரு பெட்டி முடியும்போது விரல்கள் கரி பிடித்துப் போயிருக்கும்.

7. மீதியைத் திருப்பிக் கொடுத்தல்

இதைத்தான் நான் முதலில் தவறாகச் செய்தேன். குவார்ட்டர் பெட்டி ஒன்றை வாங்கி, இரண்டு நாளில் அதே கிளைக்குப் பையில் உதிரியாகக் கொண்டுபோய் நின்றேன். காசாளர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுற்றித் தந்தால்தான் வாங்குவோம் என்றார். 11 கிலோவையும் தூக்கிக்கொண்டு திரும்பினேன். சுற்றிக் கொண்டுபோனபோது, இனிப் பெட்டி வரவழைக்க இயலாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கிளையில் காசு தேங்கினால் அதை அனுப்புவது அவர்களுக்குச் செலவு.

ஆகவே வாங்கும் வங்கி வேறு, கொட்டும் வங்கி வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டும் வங்கி, காசு எண்ணும் இயந்திரத்தைத் தன் வாடிக்கையாளருக்கு இலவசமாக விடுவதாக இருக்க வேண்டும். கடன் சங்கங்கள் சிலவற்றில் இந்த வசதி உண்டு. பேரங்காடி வாசலில் உள்ள இயந்திரங்கள் பத்து சதவீதத்துக்கு மேல் பிடிப்பதால் அவற்றில் கொட்டினால் முதலே கரைந்துவிடும். ஆனால் போகும்போதும் வரும்போதும் அவற்றின் கழிவுத் தட்டைப் பாருங்கள்; உலோகம் மாறுபடுவதால் இயந்திரம் துப்பிய வெள்ளி டைமை, கொட்டியவர் கவனிக்காமல் விட்டுப் போயிருப்பார்.

இரண்டு வங்கிகளும் ஒரே வட்டாரத்தில் இருந்தால் நீங்கள் கொட்டியதே சுற்றி உங்களிடம் வரலாம். அதைக் கண்டுகொள்ள, சுற்றித் தரும் காகிதத்தின் ஓரத்தில் சிறு மைப்புள்ளி ஒன்று வையுங்கள், காசின் மேல் எதுவும் எழுதாதீர்கள். கட்டிய ஒவ்வொரு முறையும் ரசீதை வாங்கி, வாங்கிய தொகை, கட்டிய தொகை, எடுத்து வைத்த காசின் முகமதிப்பு மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் எங்கோ சுருள் குறைந்திருக்கிறது.

8. விற்க விரும்பினால்

வெள்ளிக் காசின் அடிப்படை விலையை நீங்களே கணக்கிடலாம். அன்றைய வெள்ளி விலையை, ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு (சுமார் 31.1 கிராம்) என்று சொல்வதை, இந்த எண்களால் பெருக்குங்கள்: 90 சதவீத ஹாஃப் டாலர் 0.3617, 40 சதவீத ஹாஃப் டாலர் 0.1479, வெள்ளிக் குவார்ட்டர் 0.1808, வெள்ளி டைம் 0.0723, போர்க்கால நிக்கல் 0.0563. வெள்ளி 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் குவார்ட்டரில் உள்ள உலோகம் ஏறக்குறைய 5.42 டாலர், நிக்கலில் உள்ளது 1.69 டாலர். கடைக்காரர் தம் ஆதாயத்தைக் கழித்தே தருவார். இரண்டு கடைகளில் கேளுங்கள், அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தர நிர்ணய நிறுவனங்களுக்கு அனுப்பினால் கட்டணமும் தபால் காப்பீடும் சேர்ந்து ஒரு காசுக்குப் பல பத்து டாலர் ஆகிவிடும் என்பதால், சில நூறு டாலர் மதிப்பு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அனுப்புங்கள். ஆதாயத்துக்கு வரி உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற சேகரிப்புப் பொருளுக்கு உச்ச விகிதம் 28 சதவீதம். பணி விசாவில் இருப்பவர்கள் தொடர்ந்து வாங்கி விற்கும் அளவுக்குப் போகும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

9. சட்டத்தில் கவனிக்க வேண்டியவை

ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாக எடுத்தாலோ கட்டினாலோ வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பும்; காசும் ரொக்கம்தான். அறிக்கை போவதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தவிர்ப்பதற்காகத் தொகையைத் துண்டு துண்டாகப் பிரிப்பதுதான் குற்றம்.

செம்புச் சென்ட்டை உருக்கி விற்கலாமே என்று எண்ணுபவர்களுக்கு: சென்ட்டையும் நிக்கலையும் உருக்குவதை 2006 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள், 10,000 டாலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. போர்க்கால வெள்ளி நிக்கலுக்கு அந்தத் தடையில் விலக்கு இருக்கிறது. அதே விதி இவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதையும் கட்டுப்படுத்துகிறது. ஊருக்குப் போகும்போது பயணியின் கையில் 5 டாலர் வரையிலான சென்ட்டும் நிக்கலும் இருந்தால் கேள்வியில்லை, அதாவது சென்ட் மட்டும் என்றால் பத்துச் சுருள். சித்தப்பா பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆளுக்கொரு கோதுமைக்கதிர்ச் சென்ட்டை எடுத்துப் போக அது தாராளம்.